டீசல் தீர்ந்த ராத்திரியில் ஒரு ரன் அவுட்

ஆயில் இஞ்சின் நிற்பதற்கு முன்னால் ஒரு மாதிரி இருமும். அதுவரை சீராகக் கேட்ட சத்தம் சட்டென்று மேலே ஏறும், தடுமாறும், மறுபடி ஏறும். அப்புறம் தவளைச் சத்தம் மட்டும்தான்.

2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி அந்த இருமலைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. அதை இஞ்சின் வைத்து மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், குறுவை நெல்லுக்கு இறைத்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. டார்ச் பிடிக்க நானும், கேன் தூக்க அவர் மகனும். இஞ்சின் நின்றதும் சித்தப்பா டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

"தீந்து போச்சு" என்றார்.

தம்பி என் பக்கம் திரும்பி, பெருமையாகச் சொன்னான்: "அக்கா, வீ ரன் அவுட் டீசல்."

டிப்ளமோ முடித்துவிட்டுக் கத்தார் வேலைக்குக் காத்திருந்தவன் அவன். சாயங்காலங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேருக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். அதில் அவனும் ஒருவன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "நடுவுல 'ஆவ்' எங்கடா?" என்று கேட்டுவிட்டேன். "மொதல்ல கேனை எடுத்தாங்க, இங்கிலீசெல்லாம் பெறகு பேசிக்கலாம்" என்றார் சித்தப்பா.

டீசலை ஊற்றியதும் இஞ்சின் ஓடிவிடாது. டேங்க் அடியோடு காலியானால் குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். பம்ப்பை ஒட்டியிருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, நுரை நுரையாக வருவது நின்று டீசல் மட்டும் ஒரே கம்பியாக இறங்கும்வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரத்தில் வரப்பில் நின்று பேசியதும், பிறகு திண்ணையில் அதைத் தொடர்ந்ததும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில், சுவிட்சை அணைக்கிற 'ஆஃப்'பும், 'உடைய' என்று பள்ளிக்கூடத்தில் பொருள் சொல்லித்தந்த 'ஆஃப்'பும் ஒரே மாதிரிதான் விழும். ஆங்கிலத்தில் பின்னதன் கடைசியில் வருவது வகர ஒலி. அதனால் அதை இங்கே 'ஆவ்' என்று எழுதுகிறேன். படிக்கச் சற்று விநோதமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பையன்களுக்கு 'ரன் அவுட்' புதுச் சொல் இல்லை. கோடையில் பாமணியாறு வறண்டு கிடக்கும்போது மணல்தான் மைதானம். தினமும் நாலு பேராவது அங்கே ரன் அவுட் ஆவார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிரிக்கெட்டின் 38ஆவது விதியில் வரும் ரன் அவுட்டில், செய்கிறவன் ஒருத்தன், ஆகிறவன் ஒருத்தன். கோட்டுக்கு வெளியே இருக்கும்போது எவனோ ஸ்டம்ப்பைத் தட்டிவிடுகிறான். ஆகவே 'ஹி வாஸ் ரன் அவுட்'. டீசலை எவனும் எறிந்து வீழ்த்தவில்லை. அது தானாகத் தீர்ந்தது. அதனால் 'தி டீசல் ரேன் அவுட்' என்றோ, 'ஹேஸ் ரன் அவுட்' என்றோ சொல்ல வேண்டும். 'வாஸ்' போட்டால் டீசல் கிரீஸுக்கு வெளியே நின்றிருந்ததாக ஆகிவிடும்.

இதைச் சொன்னதும் பையன்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்ததுதான் புரியவில்லை, எனக்கும் அது பிடிபடப் பல வருஷம் ஆனது. டீசல் தீர்ந்ததை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். பொருளை எழுவாயாக வைத்தால் 'தி டீசல் ரேன் அவுட்', அவ்வளவுதான். ஆளை எழுவாயாக வைத்தால் 'வீ ரேன் அவுட் ஆவ் டீசல்'. ஆள் முன்னால் வந்துவிட்டால் 'ஆவ்' கட்டாயம். தம்பி ஆளையும் போட்டான், பொருளையும் போட்டான், இரண்டுக்கும் நடுவில் பாலத்தைப் போட மறந்துவிட்டான்.

மறந்ததற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. நமக்கு அந்த இரண்டாவது விதமே கிடையாது. 'நாங்கள் டீசலிலிருந்து தீர்ந்தோம்' என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். தமிழில் தீர்வது எப்போதும் பொருள்தான். ஆள் ஓரமாக நிற்பான். 'என்கிட்ட', 'எனக்கு', 'எங்க வீட்டுல' என்று ஒரு வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு. 'எனக்குப் பசிக்குது' என்பதில் நான் ஒன்றும் செய்யவில்லை. பசி வந்து என்னிடம் வேலை பார்க்கிறது. 'என்கிட்ட காசு தீந்துருச்சு' என்பதும் அந்தச் சாதிதான். ஆங்கிலத்தில் மளிகைச் சாமான் தீர்ந்ததற்குக்கூடப் பெரும்பாலும் மனிதன்தான் முன்னால் வந்து நிற்பான். அந்தப் பழக்கம் நமக்கு வாயில் ஏறுவதற்கு நாளாகும்.

அடுத்த சந்தேகத்தை நர்ஸிங் முடித்த ஒரு பெண் கிளப்பினாள். "அக்கா, 'ஷி ரேன் அவுட் ஆவ் தி கிச்சன்'னு படிச்சேனே. கிச்சன் எப்படித் தீரும்?" நியாயமான கேள்வி. அதே மூன்று சொல்தான், ஆனால் அவள் அங்கே நிஜமாகவே அடுப்படியை விட்டு ஓடிவந்தாள். 'ஷி ரேன் அவுட் ஆவ் சால்ட்' என்றால் உப்பு தீர்ந்தது. 'ஆவ்'வுக்குப் பின்னால் இடம் வந்தால் கால் ஓடுகிறது, செலவாகிற பொருள் வந்தால் பானை காலியாகிறது. 'தி' போட்டால் இடம், போடாவிட்டால் பொருள் என்று சிலர் குறுக்கு வழி சொல்லித்தருவார்கள். பத்துக்கு எட்டு முறை பலிக்கும். மீதி இரண்டு முறை இன்டர்வியூவில் வந்து நிற்கும்.

சரி, செலவாகிற பொருள் என்றால் எதெல்லாம்? இங்கேதான் அகராதி கையை விரிக்கிறது. 'ரன் அவுட் என்றால் தீர்ந்துபோதல்' என்று கைடில் ஒரு வரி இருக்கும். அதை மனப்பாடம் செய்து ஒரு பயனும் இல்லை என்பது என் அபிப்பிராயம். எந்தப் பெயர்ச்சொல்லோடு அது சேரும், எதோடு சேராது என்று தெரிந்தால்தான் சொல் நம்முடையது. டீசல், காசு, பால், பேப்பர், நேரம், பொறுமை, யோசனை, சாக்குப்போக்கு எல்லாவற்றோடும் சேரும். பொறுமைக்கு இரண்டு விதமும் ஒத்துவரும்: 'மை பேஷன்ஸ் ரேன் அவுட்' என்றும் சொல்லலாம், 'ஐ ரேன் அவுட் ஆவ் பேஷன்ஸ்' என்றும் சொல்லலாம். அதிர்ஷ்டம் பெரும்பாலும் தானே முன்னால் நிற்கும்: 'ஹிஸ் லக் ரேன் அவுட்'. நீராவிக்கு நேர் எதிர். 'ஹி ரேன் அவுட் ஆவ் ஸ்டீம்' என்று ஆளைத்தான் முன்னால் போடுவார்கள். கரி இஞ்சின் காலத்து மிச்சம் அது. மூச்சு வாங்கி ஓய்ந்துபோனான் என்று பொருள். நம் ஊரில் அதற்கு 'தம் போச்சு' என்போம்.

அப்புறம் கெடு உள்ள சமாச்சாரங்கள். விசா, லைசென்ஸ், குத்தகை, இன்ஷூரன்ஸ். இவையும் 'ரன் அவுட்' ஆகும், ஆனால் தானாக மட்டும்தான். 'மை விசா ரேன் அவுட்' சரி. 'ஐ ரேன் அவுட் ஆவ் விசா' என்றால் டப்பா டப்பாவாக விசா வைத்திருந்து செலவழித்த மாதிரி இருக்கும். கத்தார் போகிற பையனுக்கு இதை மட்டும் மூன்று முறை சொல்லிவைத்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தில் வேண்டியதுதான் 'ரன் அவுட்' ஆகும். காய்ச்சல் ஆகாது, கடன் ஆகாது, பசி ஆகாது. நம் 'தீர்' அப்படி ஆள் பார்க்காது. அரிசியும் தீரும், பசியும் தீரும். முதலாவது வந்தால் வீடு கலங்கும், இரண்டாவது வந்தால் வீடு நிம்மதியாகத் தூங்கும்; இரண்டுக்கும் ஒரே வினை. கடன் தீரும், வழக்குத் தீரும், நோய் தீரும், தாகம் தீரும். இந்த ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் ஏழெட்டுச் சொல் தேட வேண்டும். நாம் அவர்கள் சொல்லைப் பார்த்து மலைக்கிற மாதிரி, தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரரும் 'தீர்'ரைப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

அதுவும் 'தீர்'ரோடு ஒட்டிக்கொள்ளும் துணைவினைகளைப் பார்த்தால் நிச்சயமாகச் சொறிவார். பிரச்சினையைத் தீர்த்துவை என்றால் நல்ல காரியம். ஆளைத் தீர்த்துக்கட்டு என்றால் கொலை. பழியைத் தீர்த்துக்கொள் என்றால் வேறு ஒரு கெட்ட காரியம். அங்கே 'அவுட்', 'ஆஃப்', 'அப்' செய்கிற வேலையை இங்கே வை, கட்டு, கொள், விடு, போ, தள்ளு செய்கின்றன. திண்ணையில் இதைச் சொன்ன அன்றைக்குத்தான் பிள்ளைகளின் பயம் கொஞ்சம் தெளிந்தது. 'கட்டு' என்பதை அகராதியில் பார்த்து 'தீர்த்துக்கட்டு'வுக்குப் பொருள் கண்டுபிடிக்க முடியாது. 'அவுட்'டும் அப்படித்தான்.

'ரன்' சங்கதியே தனி. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. புதிய பதிப்புக்குத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் நிறைய நமக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். வாய்க்கால் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, இஞ்சின் ஓடுகிறது, கடை ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. "எப்படிப் போவுது?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்கிறோம். அத்தனைக்கும் அங்கேயும் 'ரன்' கிட்டத்தட்ட ஒத்துவரும். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும்.

இவ்வளவு ஒத்துப்போகிற சொல்தான் காலை வாரும். 'நேரம் ஓடிப்போச்சு' என்பதை அப்படியே 'டைம் ரேன் அவுட்' என்று போடக் கை துறுதுறுக்கும். நாம் சொல்வது நேரம் போனதே தெரியவில்லை என்பதை. அவர்கள் சொல்வது கெடு முடிந்தது, இனி பேப்பரைக் கொடு என்பதை. 'அந்தப் பொண்ணு ஓடிப்போச்சு' என்பதை மொழிபெயர்க்கிற வேலை யாருக்கும் வர வேண்டாம்.

எனக்கு வந்தது வேறு வேலை. கல்லூரி முடித்ததும் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்கு உதிரி பாகங்கள் அனுப்புகிற இடம். ஒரு வாடிக்கையாளர் கேட்ட சாமான் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. அவருக்கு வருத்தம் தெரிவித்து மெயில் போடச் சொன்னார்கள். 'சாரி, வீ ரேன் அவுட் ஆன் யூ எஸ்டர்டே' என்று எழுதி அனுப்பினேன். 'உங்க விஷயத்துல தீந்து போச்சு' என்பது மனசில் ஓடியது. அந்த 'விஷயத்துல'வுக்கு 'ஆன்' போட்டேன். மேலாளருக்கும் ஒரு காப்பி.

'ரன் அவுட் ஆன்' என்றால் நிர்க்கதியாக விட்டுவிட்டு ஓடுவது. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறவனைச் சொல்கிற சொல். ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு, நேற்று உங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிவிட்டோம், மன்னிக்கவும் என்று லெட்டர்ஹெட் போட்டு எழுதியிருந்தது. அவர் நல்ல மனிதர். திரும்பி வந்துவிட்டீர்களே, அதுவே சந்தோஷம் என்று பதில் எழுதினார். மேலாளர் அதை அச்சடித்து காபி மெஷினுக்கு மேலே ஒட்டினார். நான் அந்த வேலையை விடும்வரை அது அங்கேயே இருந்தது. நல்ல மனிதர் என்று நான் சொன்னது வாடிக்கையாளரைத்தான்.

ஒரு 'ஆவ்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'ஆன்'. அன்றிலிருந்து முன்னிடைச் சொற்களை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

வரப்புக்கு வருகிறேன். சித்தப்பா ஏர் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கீழே போட்ட குச்சியை எடுத்துத் தம்பிக்குக் காட்டினேன். ஈரம் நாலு விரல் இருந்தால் 'ரன்னிங் லோ ஆன் டீசல்'. இருக்கிறது, ஆனால் குறைந்துவிட்டது. ராத்திரி முழுக்க இறைக்கப் பத்தாது என்று தெரிந்தால் 'ரன்னிங் ஷார்ட் ஆவ் டீசல்'. இப்போது மாதிரி நுனி மட்டும் நனைந்தால் 'ரன் அவுட் ஆவ் டீசல்'. லோ என்றால் 'ஆன்', ஷார்ட்டுக்கும் அவுட்டுக்கும் 'ஆவ்'. ஏன் அப்படி என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, குச்சியைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள் என்றேன். 'ரன்னிங் அவுட்' என்று 'இங்' போட்டால் இன்னும் தீரவில்லை, தீர்ந்துகொண்டே வருகிறது. தமிழில் 'நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் பேசுவதில்லை. 'நேரமாச்சு' என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறோம்.

தம்பி கேட்டான்: "அப்ப தண்ணிக்கும் அதானே? வீ ரேன் அவுட் ஆவ் வாட்டர்?"

இலக்கணப்படி சரிதான். ஆனாலும் எனக்கு என்னவோ போல இருந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தார்கள். அக்டோபர் 10 அன்று, தண்ணீர் போதாமல், மூடிவிட்டார்கள். வழக்கமாக ஜனவரி 28 வரை விட வேண்டியது. 1934இல் கட்டி முடித்த அணை அது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணைக்கு அந்தச் சொல் பொருந்தும். அங்கே தண்ணீர் சேர்த்து வைத்த சரக்கு. அடிக்கணக்கில் இறங்கும், 'லோ', 'ஷார்ட்', 'அவுட்' என்று குச்சி விட்டுச் சொல்லலாம்.

எங்களுக்கு அது சரக்கு இல்லை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அப்புறம் ஆறு ஆறாகவும் வாய்க்கால் வாய்க்காலாகவும் உடைந்து, கடைசியில் எங்கள் மடைக்கு வருவது வரத்து. அதனால்தான் ஊரில் யாரும் "தண்ணி தீந்துருச்சு" என்று சொல்லிக் கேட்டதில்லை. "தண்ணி வரல" என்பார்கள். மேட்டு வயலுக்கு "ஏறல". கடைமடைக்கு "எட்டல". முறை வைத்து விடும்போது "நம்ம முறை வரல". தீர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் கையில் இருந்திருக்க வேண்டுமே. இங்கிலீஷ் பேப்பரில், 'டெல்டா விவசாயிகள் ரன் அவுட் ஆவ் வாட்டர்' என்கிற மாதிரி படிக்கும்போதெல்லாம், நாங்கள்தான் பத்தாயத்தில் தண்ணீரைப் போட்டு வைத்துக் கணக்கில்லாமல் செலவழித்துவிட்டோம் என்று யாரோ சொல்வது போலக் காதில் விழுகிறது. எழுதியவர் அப்படி நினைத்து எழுதவில்லை. மனிதனை எழுவாயில் கொண்டுவந்து நிறுத்துகிற வாக்கியம் அப்படி ஒரு தொனியைத் தானாகக் கொடுத்துவிடுகிறது. தம்பிக்கு 'தி வாட்டர் டிட்ன்ட் ரீச் அஸ்' என்று சொல்லிக்கொடுத்தேன். சொற்றொடர் பாடத்துக்கு அதில் இடமே இல்லை. பரவாயில்லை.

கடைசியாக எங்கள் அம்மா. எங்கள் வீட்டில் அரிசி, உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் தீராது. தீர்ந்தது என்ற சொல் அடுப்படியில் புழங்கக் கூடாது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு நெறஞ்சிருக்கு, ஒரு பாக்கெட் வாங்கியா" என்பாள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டாள், "அமத்து" என்பாள். மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் சொல்கிற இதற்கு, மங்கல வழக்கு என்று நன்னூல் ஓர் இடமே ஒதுக்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தோம், வீட்டில் உப்புக்காகப் படித்தோம். "'உப்பு நெறஞ்சிருக்கு'ன்னு இங்கிலீஷ்ல எப்படிக்கா சொல்றது?" என்று அந்த நர்ஸிங் பெண் ஒருநாள் கேட்டாள். 'வீ ரேன் அவுட் ஆவ் சால்ட்' என்று சொல்லிக்கொடுத்தேன். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும். நல்ல வேளை, புரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி இஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியதும், சித்தப்பாவைக் கொட்டாயில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்தோம். மணி பதினொன்றரை. அம்மா தூங்காமல் தோசைக்கல்லைப் போட்டு வைத்திருந்தாள். தம்பி காலிக் கேனைத் திண்ணையோரம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

"ஏண்டா, விடிய விடிய ஓடணுமே, கேன்ல டீசல் இருக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"நெறஞ்சிருக்கு பெரியம்மா."

தோசைக் கரண்டி பாதியில் நின்றது. "எந்த நெறஞ்சிருக்கு?" என்றாள் அம்மா.